பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்களவை வேட்பாளர் தேர்வு

பெரம்பலூரும் அரியலூரும் தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள அண்டை மாவட்டங்கள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையான தனி மாவட்டமானது. இங்கு மக்களவைத் தேர்தலில் யார் போட்டியிடுவார் என்பது தொகுதி எல்லை, கூட்டணி, சின்னம் ஆகிய மூன்றையும் சார்ந்தே பெரும்பாலும் முடிவாகிறது.

அமெரிக்காவில் மாநில ஆளுநர் பதவிக்கு மக்களே நேரடியாக வாக்களிக்கின்றனர். பெரும்பாலான மாநிலங்களில் கட்சி வேட்பாளரையும் வாக்காளர்களே முதற்கட்டத் தேர்தலில் தெரிவு செய்கின்றனர். இந்தியாவில் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். இங்குள்ள கட்சிகளில் முதற்கட்டத் தேர்தல் முறை இல்லை. விருப்ப மனு, நேர்காணல் என்ற நடைமுறைகள் உண்டு. ஆனால் இறுதி முடிவு தலைமையுடையது.

தொகுதி எல்லை

2008 மறுவரையறைக்கு முன் பெரம்பலூர் தனித்தொகுதியாக இருந்தது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த ஆ. இராசா (திமுக) 1996, 1999, 2004 தேர்தல்களில் இங்கு வென்றார். மறுவரையறையில் பெரம்பலூர் பொதுத்தொகுதியானது, நீலகிரி தனித்தொகுதியானது. 2009இல் இராசா நீலகிரிக்குச் சென்றார். பெரம்பலூரில் திமுக நடிகர் நெப்போலியனை நிறுத்தி வென்றது.

இன்றைய பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் பெரம்பலூர் மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதி ஒன்றே ஒன்றுதான். இலால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் ஆகியவை திருச்சி மாவட்டத்தையும், குளித்தலை கரூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. பெயர் பெரம்பலூருக்கு, பெரும்பான்மை வாக்கு திருச்சிக்கு! ஆகவே வேட்பாளர் தேர்வில் திருச்சி அரசியலின் செல்வாக்கு மிகுதி. பெரம்பலூர் நகருக்கு ரயில் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. மாவட்டத்தின் மற்றொரு தொகுதியான குன்னம், அரியலூர், செயங்கொண்டம் தொகுதிகளுடன் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சேர்ந்துள்ளது.

கூட்டணியும் இரவல் சின்னமும்

இந்திய ஜனநாயகக் கட்சியின் நிறுவனர் பாரிவேந்தரின் தேர்தல் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2014இல் பாஜக கூட்டணியில் பெரம்பலூரில் நின்று மூன்றாம் இடம் பெற்றார். அதிமுகவின் மருதராஜா வென்றார். 2019இல் திமுக கூட்டணிக்கு மாறி, உதயசூரியன் சின்னத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் தாமரைச் சின்னத்தில் நின்றபோது மீண்டும் மூன்றாம் இடமே கிடைத்தது. அப்போது அமைச்சராக இருந்த கே. என். நேருவின் மகன் அருண் நேரு (திமுக) ஏறத்தாழ 3.89 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வேட்பாளர் அவரே, மாறியது கூட்டணியும் சின்னமும்தான்.

இரவல் சின்னத்துக்குச் சட்ட விளைவும் உண்டு. 1985இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, ஓர் உறுப்பினர் தம்மை வேட்பாளராக நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். எனவே 2019இல் வென்ற பாரிவேந்தர் மக்களவையில் திமுக உறுப்பினராகவே கணக்கிடப்பட்டார். 2021 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய சொந்தக் கட்சி திமுகவை விட்டு விலகி, மக்கள் நீதி மய்யத்துடன் அணி சேர்ந்தது. ஆயினும் அவர் உறுப்பினராகவே பதவிக்காலத்தை நிறைவு செய்தார். வாக்களித்தவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

சிதம்பரத்தில் பானை

விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்தவர். 2001இல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூர் சட்டமன்றத் தொகுதியில் வென்று, திமுகவுடன் வேறுபாடு ஏற்பட்டதும் 2004இல் பதவி விலகினார். 2019இல் திமுக கூட்டணியில் அக்கட்சி இரு தொகுதிகளில் போட்டியிட்டது. விழுப்புரத்தில் து. ரவிக்குமார் உதயசூரியனில் நின்று எளிதாக வென்றார். திருமாவளவனோ சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார். புதிய சின்னத்தைக் குறுகிய காலத்தில் ஊர் ஊராக அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது. இழுபறிக்குப் பின் அவர் வென்ற வித்தியாசம் 3,219 வாக்குகள் மட்டுமே.

2024இல் அதே பானையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ரவிக்குமாரும் இம்முறை பானையிலேயே நின்று வென்றார். இவ்வெற்றிகளின் அடிப்படையில் 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் விடுதலைச் சிறுத்தைகளை மாநிலக் கட்சியாக அங்கீகரித்து, பானைச் சின்னத்தை ஒதுக்கியது.