அறுபதால் பெருக்காதீங்க தம்பி!

முகையூர்ப் பையன் ஒருத்தன் சிங்கப்பூர் போகிறான் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் படிப்பு, சென்னையில் கொஞ்ச நாள் அனுபவம், இப்போது அங்கே ஆபீஸ் வேலை. சம்பளம் மாசம் 5,600 டாலர். சேதி டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் பெரியப்பா கணக்குப் போட்டு முடித்திருப்பார்.

"ஒரு டாலரு இன்னாடா வெல?"

"அறுபதுக்கு மேல போவுது பெரிப்பா."

"அறுவதுன்னே வெச்சிக்க. அப்போ மாசம் மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம்! ஏண்டா, வருஷம் பூரா கரும்பு வெட்டினாலும் நமக்குக் கையில இவ்ளோ நிக்காதேடா!"

அவ்வளவுதான். மாடி கட்டுவது, தங்கச்சி கல்யாணம், சித்தப்பா மகன் காலேஜ் ஃபீஸ்... பையன் விமானம் ஏறுவதற்குள் அவனுடைய முதல் வருஷச் சம்பளத்தை ஊரே பாகம் பிரித்துவிடும்!

பெரியப்பா போட்ட பெருக்கலில் தப்பே கிடையாது. சம்பளத்தைப் பெருக்கினவர் செலவைப் பெருக்க மறந்துவிட்டார், அதுதான் சங்கதி.

வெளிநாட்டுக் காசு இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கிற புதுச்சேரியில், 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. 'சொல்தா' பென்ஷன் வருகிற வீடு என்றால் தனி மரியாதை. ஃப்ராங்க் போய் யூரோ வந்த பிறகும் அந்த மரியாதை போகவில்லை. ஆனால் பிரான்ஸ் பணத்தைப் புதுச்சேரியில் உட்கார்ந்து செலவழிப்பது வேறு. சிங்கப்பூர் பணத்தைச் சிங்கப்பூரிலேயே செலவழிப்பது வேறு. முன்னது யோகம். பின்னது சர்க்கஸ்.

1990 வாக்கில் ஒரு சிங்கப்பூர் டாலர் ஏறக்குறைய பத்தே ரூபாய். இன்றைக்கு அறுபதைத் தாண்டியாச்சு. ஊருக்கு அனுப்புகிற வரை இது லாபம். ஆனால் முதல் மாசம் சம்பளம் வருவதற்கு முன்னால் இங்கிருந்து ரூபாயை மாற்றி எடுத்துப் போகிறோமே, அப்போதுதான் அறுபதின் வலி தெரியும்!

'எக்கனாமிஸ்ட்' குழுமத்தின் ஆய்வுப் பிரிவு உலக நகரங்களின் விலைவாசியை ஒப்பிட்டு வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடும். 2014லிருந்து 2018 வரை சிங்கப்பூர்தான் அதில் முதலிடம். 2022ல் நியூயார்க்கோடும் 2023ல் ஜூரிச்சோடும் முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. இதைப் படித்துவிட்டுப் பயந்து டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வேண்டாம். அந்தக் கணக்கு பெரிய கம்பெனி ஆபீசர்களை மனசில் வைத்துப் போட்டது. கார், சீமைச் சாராயம் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்துக்கொள்ளும் 'உரிமைச் சீட்டு' ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990ல் கொண்டு வந்த ஏற்பாடு இது. 2023ல் அந்தச் சீட்டு மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும்! அறுபதால் பெருக்கிப் பாருங்கள். வேண்டாம், பெருக்காதீர்கள். நம்ம பையன் எம்.ஆர்.டி. ரயிலில் போகிறவன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும் டிக்கெட் மூன்று டாலரைத் தொடாது. ஏ.ஸி. வேறு. ஸ்டேஷன் அறிவிப்பில் தமிழும் கேட்கும்.

ஆக, பையனைக் கடிக்கப் போவது கார் இல்லை. வீடு.

போய் இறங்கியதும்...

விழுப்புரத்துக்காரருக்கு ஒரு சௌகரியம். சென்னை விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் ஏறக்குறைய சம தூரம். இரண்டிலும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. எது மலிவோ அதில் ஏறலாம். அங்கே போய் இறங்கியதும் கதை மாறும்.

சிங்கப்பூரில் வசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். எச்.டி.பி. என்பார்கள். 1960லிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறது. புதுசாக வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு வீட்டில் ஒரே ஒரு ரூமை வாடகைக்கு எடுப்பார். 2022ல் வாடகை எகிறியது எகிறியதுதான். சாதாரண ரூமுக்கே மாசம் ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். உட்லண்ட்ஸ், ஈஷூன், ஜூரோங் வெஸ்ட் என்று ஓரங்களுக்குப் போனால் கொஞ்சம் குறையும்.

வருஷ ஒப்பந்தம் என்றால் ஒரு மாச வாடகை அட்வான்ஸ். முதல் மாச வாடகை தனி. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி வேறு. மொத்த வாடகையில் நூற்றுக்கு 40 காசு. வருஷம் 12,000 டாலருக்கு 48 டாலர் ஆச்சு. இதையெல்லாம் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில் சம்பளம் வருகிற வரைக்கும் சாப்பிட வேண்டும், போய் வர வேண்டும், போனுக்கு சிம் வாங்க வேண்டும். ஆக மொத்தம் 3,500 டாலர் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். நம்ம காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல்!

"அதான் போனதும் சம்பாதிக்கப் போறானே, வட்டிக்கு வாங்கிக் குடுத்துடலாம்" என்பார் யாராவது ஒரு மாமா. மூணு ரூபாய் வட்டி என்றால் இரண்டு லட்சத்துக்கு மாசம் ஆறாயிரம். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேலை கிடைத்ததுமே, "ஒரு மாசச் சம்பளத்தை முன்பணமாகத் தருவீர்களா? இரண்டு வாரம் தங்க இடம் தருவீர்களா?" என்று கம்பெனியில் கேட்டுவிடுவது உத்தமம். கேட்பதில் வெட்கம் என்ன ஸார்? தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. கேட்காதவருக்குத்தான் தருவதில்லை!

ரூம் பார்க்கும்போது இன்னும் சில. வீட்டுக்காரர் எச்.டி.பி.யிடம் முறைப்படி அனுமதி வாங்கி, நம் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஆறு மாசத்துக்குக் குறைந்த வாடகை அந்த வீடுகளில் சட்டப்படி செல்லாது. 'பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்பு, சாவி தபாலில் வரும்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு விலகுங்கள். அப்புறம் 'சமையல் கூடாது' என்கிற ஒரு வரி. சில வீடுகளில் 'லேசான சமையல்' மட்டும் என்பார்கள். வெந்நீரும் நூடுல்ஸும் லேசு. கருவாட்டுக் குழம்பு கனம்! ஏ.ஸி. ராத்திரி மட்டும்தானா, துணி வாரத்துக்கு எத்தனை தடவை துவைக்கலாம் என்பதெல்லாம்கூட ஒப்பந்தத்தில் வரும். வாடகை ஐம்பது டாலர் கூடினாலும் சமைக்க விடுகிற வீடே லாபம் என்பது என் கட்சி.

கோப்பி ஓ, கோப்பி சி

சமைக்க வழியில்லையா? 'ஹாக்கர் சென்டர்' இருக்கிறது. வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் பொது மேஜைகள். இந்தச் சாப்பாட்டுக் கலாசாரத்துக்கு 2020ல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்தது. நாலிலிருந்து ஆறு டாலருக்குள் ஒரு வேளை முடிந்துவிடும். காலி மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் உட்கார்ந்துவிடாதீர்கள். அது குப்பை இல்லை, ரிசர்வேஷன்! நம்ம பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே சாஸ்திரம்.

காபி கேட்பதற்கும் பாஷை உண்டு. 'கோப்பி' என்றால் கண்டென்ஸ்டு மில்க் போட்டது. 'கோப்பி ஓ' பால் இல்லாதது. 'கோப்பி சி' என்றால் வேறு டின் பால். சர்க்கரையும் வேண்டாமென்றால் 'கோசோங்' சேர்க்க வேண்டும். ஊரில் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குக் குடித்த டீயை அங்கே ஒன்றரை, இரண்டு டாலருக்குக் குடிக்கும்போது முதல் வாரம் தொண்டையில் இறங்காது. பெருக்குவதை நிறுத்தினால் இறங்கும்.

ஏ.ஸி. போட்ட ரெஸ்டாரென்டுக்கு நண்பர்கள் இழுத்துப் போனால் மெனு கார்டில் விலைக்குப் பக்கத்தில் 'பிளஸ் பிளஸ்' இருக்கிறதா பாருங்கள். முதல் பிளஸ் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். இரண்டாவது பிளஸ் ஜி.எஸ்.டி. 1994ல் 3 சதவீதமாக ஆரம்பித்த அந்த வரி 2024ல் 9 ஆகிவிட்டது. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்தே அதைப் போடுவார்கள். நூறு டாலர் சாப்பாட்டுக்குப் பில் 119 டாலர் 90 காசு! தண்ணீர் பாட்டில் வாங்குவதும் வீண். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம்.

சிகரெட் பார்ட்டிகள் கவனிக்க: ஒரு பாக்கெட் பதினைந்து டாலர் பக்கம். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம் என்ற யோசனை பலிக்காது. ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிவிலக்கு கிடையாது. சொல்லாமல் கொண்டு போனால் அபராதம். வாயில் அடக்குகிற புகையிலைக்கு அடியோடு தடை. புகையை விட முடியாமல் தவித்தவர்களைச் சிங்கப்பூர் விலை விட வைத்திருக்கிறது. டாக்டர் சொல்லியும் கேட்காதவர்கள் பில் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ்காரர்களுக்குக் கம்பெனி கட்டாயம் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். ஆனால் நம்ம பையன் போகிற எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை! ஆபீசர் என்றால் தானே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. ஆகவே வேலைக் கடிதத்தில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவும். பல் பிடுங்குவது, கண்ணாடி மாற்றுவது போன்ற திருப்பணிகளை விழுப்புரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்பவும்.

மாப்பிள்ளை சிங்கப்பூர்!

வாடகை, சாப்பாடு, ரயில், போன், முடிவெட்டு எல்லாம் போக, ஒண்டிக்கட்டையாய் அடக்கமாக இருக்கிறவருக்கு மாசம் 2,000 டாலருக்குள் குடித்தனம் நடக்கும். மிச்சம் 3,600. பரவாயில்லையே என்கிறீர்களா? பரவாயில்லைதான். ஆனால் கல்யாணம் ஆனால்?

தரகர்கள் பொதுவாகச் சொல்லாத விஷயம் இது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 டாலர் ஆனது. வயசு ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். ஆனால் மனைவியை 'டிபென்டன்ட் பாஸில்' அழைத்துக்கொள்ள 6,000 டாலர் சம்பளம் வேண்டும். அதாவது, மாசம் மூணு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிற மாப்பிள்ளை, பெண்டாட்டியைக் கூட வைத்துக்கொள்ள நானூறு டாலர் குறைச்சல்! அம்மா அப்பாவை நீண்ட காலம் தங்க வைக்க வேண்டுமென்றால் 12,000 டாலர் சம்பளம்.

அழைத்துப் போய்விட்டாலும் ரூம் போதாது, வீடு வேண்டும். வாடகை இரண்டு மூன்று மடங்கு. "என் பொண்ணும் பி.இ.தான், அங்கே போய் வேலை பார்த்துக்குவா" என்று மாமனார் சொல்வார். 2021 மே மாசத்திலிருந்து டிபென்டன்ட் பாஸ்காரர் வேலைக்குப் போகத் தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். பெண் பார்க்கப் போகும்போதே இரண்டு வீட்டிலும் இதைப் பேசிவிட வேண்டும். பேசாமல் தாலி கட்டிவிட்டு, அவள் முகையூரிலும் அவன் உட்லண்ட்ஸிலுமாக வருஷக்கணக்கில் போனில் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் மாடி எழும்பியிருக்கும். கூடத்தில் கிரானைட் பளபளக்கும்.

ஊருக்குப் பணம் அனுப்புவது இப்போது சுலபம். 2023 பிப்ரவரியில் அவர்களுடைய பேநவ்வையும் நம்ம யு.பி.ஐ.யையும் இணைத்தாயிற்று. நிமிஷத்தில் போய்விடும். சுலபம் என்பதாலேயே சிக்கல். "ஒரு ஐயாயிரம் தட்டி விடேன் மச்சான்" என்று ஊரில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கத் தோன்றும். நல்லதுக்கும் அது உதவுகிறது. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரை மீறி விழுப்புரம் மாவட்டமே தத்தளித்த மாதிரி ஒரு நாள் இன்னொரு தடவை வந்தால், அன்றைக்கே வீட்டுக்குப் பணம் போய்ச் சேரும். போன மூன்றாவது மாசத்திலிருந்தே, திடீரென்று ஊருக்கு ஓடி வர ஒரு டிக்கெட் பணத்தைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். அவசரத்தில் வாங்குகிற டிக்கெட் அவசர விலைதான் சொல்லும். அப்படியே, இங்கே இருக்கிற சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றும்படி பாங்க்கில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி வரி. இங்கே மாசாமாசம் ஆபீஸிலேயே பிடித்துவிடுவார்கள். அங்கே பிடிப்பதில்லை! நம்ம பையன் வெளிநாட்டான் என்பதால் சேமநிதியும் கிடையாது. 5,600 டாலரும் சிந்தாமல் சிதறாமல் கைக்கு வரும். ஆஹா என்று செலவழித்துக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் வரித்துறையிலிருந்து ஓலை வரும். வருஷம் 67,200 டாலர் சம்பளத்துக்குச் சுமார் 2,400 டாலர் வரி. நம்ம ஊர் வரியை நினைத்தால் கொசு. ஆனால் ஒரே மாசத்தில் கட்டு என்றால் கொசுவும் கடிக்கும். பாங்க் மூலமாகப் பன்னிரண்டு தவணையில் வட்டியில்லாமல் கட்டவும் வழி உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாசம் 200 டாலரை வரிக்கென்று ஒதுக்கி வைப்பவருக்கு ஓலையைக் கண்டு பயமில்லை.

வேலையை விட்டு ஊர் திரும்பும்போதும் இதே வரி வாசலில் நிற்கும். பையன் கிளம்புகிற சேதியைக் கம்பெனி வரித்துறைக்கு ஒரு மாசம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்குத் தீருகிற வரை அவனுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சட்டம் அப்படி. வரி போக மிச்சம் பிறகுதான் வரும். ஆகவே கடைசி மாசச் சம்பளத்தை நம்பி முஸ்தபாவில் சென்ட், சாக்லேட், பெரியப்பாவுக்கு டார்ச் லைட் என்று பெட்டியை நிரப்பிவிட வேண்டாம். அதையெல்லாம் அதற்கு முந்தின மாசமே வாங்கிவிடுங்கள்.