தார் என்னும் ஒரு பெயரும் இரு பொருள்களும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வீதி செப்பனிடுங்கால் உருக்கி ஊற்றப்படும் கரும்பொருளை மக்கள் தார் என்பர். உண்மையில் அது மசகெண்ணெயை வடித்தபின் எஞ்சும் நிலக்கீலாகும். தார் என்னும் பெயருக்கு உரியது வேறொன்று. காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சூடேற்ற, வாயுவோடு பிரிந்து வடிவதே நிலக்கரித் தார். கொழும்பிலும் முற்காலத்தில் விளக்கெரிக்கும் வாயு இவ்வாறே பெறப்பட்டது. புறக்கோட்டைக் காஸ் வேர்க்ஸ் தெரு இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றது.

இரண்டும் நிறத்தால் ஒன்று, நஞ்சால் வேறு. 1915இல் யப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிக்காவாவும் முயற்காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் தடவிப் புற்றுநோயைத் தோற்றுவித்தனர். 1930களில் இலண்டன் ஆய்வாளர் அதன் கசடிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தனர். பல்வளைய ஐதரோகாபன்கள் என்னும் பெருங் குடும்பத்தில் அது ஓர் உறுப்பு.

இவையனைத்தும் அறிந்த பின்னரும், அமெரிக்காவில் வாகனத் தரிப்பிடங்களுக்குக் கருமையூட்டும் மேற்பூச்சில் அத்தாரையே சேர்த்தனர் என்பது வியப்புக்குரியது. சில்லுகள் தேய்க்க, பூச்சின் துகள் மழைநீரோடு ஓடைகளிற் சேர்ந்தது. காலணிகளில் ஒட்டி வீட்டினுட் புகுந்து, தவழுங் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டியது. நிலக்கீற் பூச்சினும் இதில் அந்நச்சுப் பொருள்கள் ஏறத்தாழ 1000 மடங்கு மிகுதி. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில் 2006 முதல் இப்பூச்சுத் தடைசெய்யப்பட்டது. 2011இல் வாஷிங்டன் மாநிலம் முழுவதும் தடை விதித்தது.

ஆதலின் முற்றத்துக்கோ கூரைக்கோ கரும்பூச்சு வாங்குவோர் 'தார்' என்ற பெயரோடு அமையாது, அது நிலக்கரியிற் பிறந்ததா எண்ணெயிற் பிறந்ததா என வினவுதல் நன்று. நிலக்கீலும் முற்றாகக் குற்றமற்றதன்று. சூடான நிலக்கீலின் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் வீதித் தொழிலாளருக்குப் புற்றுநோய் உண்டாதல் கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துள்ளது. பீப்பாயின் அருகே முகமூடியுமின்றிக் குனிந்து நிற்பவருக்கு அச்செய்தியைச் சொல்வார் அரியர்.