அடைப்பு எந்தச் செவியில்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சிப்காட் வளாகங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப், உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டர், தூசி ஊதும் ஏர் கன் ஆகியவற்றின் இரைச்சல் இங்கே ஒருபுறம். குளிரூட்டிய அசெம்பிளி கூடங்கள், பலர் ஒரே அறையில் தங்கும் விடுதிகள், ஒருவர் தும்மினால் அறை முழுவதும் பரவும் சளி ஆகியவை மறுபுறம். இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் புகார் ஒன்றுதான்: “காது அடைச்ச மாதிரியே இருக்கு.”

அதற்குக் கிடைக்கும் யோசனையும் பெரும்பாலும் ஒன்றுதான். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போடு. இல்லாவிட்டால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்று. ஆனால் அடைப்பு என்ற உணர்வு வெளிச்செவி, நடுச்செவி, உள்செவி ஆகிய மூன்று இடங்களில் எதிலிருந்தும் வரலாம். முதல் இரண்டில் கோளாறு என்றால் நிதானமாகச் சரிசெய்ய நேரம் இருக்கும். மூன்றாவதில் இருந்தால் நாள்களை எண்ணியாக வேண்டும்.

குறும்பியும் குச்சியும்

காதுத் துளையின் தோல், ஜவ்விலிருந்து வெளிப்புறமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது தாடை அசைவதும் இதற்கு உதவுகிறது. குறும்பி தானாகவே வெளியே வருவது இப்படித்தான். பட்ஸ் போட்டுக் குடைபவர் அதை மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறார். நாள் முழுவதும் இயர் பிளக் செருகியிருப்பவருக்கும் குறும்பி வெளியேற வழியில்லாமல் தங்கிவிடலாம். தலைக்குக் குளித்ததும் திடீரென்று காது அடைத்தால், தண்ணீரில் ஊறிய குறும்பி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் ஊற்றுவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமான காதுக்குள் பூஞ்சை எளிதாக வளரும். அரிப்பும் வலியும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே ஜவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்கே போய்விடும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, வேலை முடிந்து ஏர் கன்னால் உடையைத் தட்டும்போது விளையாட்டாகக் காதுப் பக்கம் காட்டுவது. அழுத்தப்பட்ட காற்று ஜவ்வைக் கிழித்துவிடும்.

காற்றறையின் கணக்கு

ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி ஒரு சிறிய காற்றறை. அதன் உட்சுவர் அங்குள்ள காற்றை ஓயாமல் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட, மூக்கின் பின்புறத்திலிருந்து சுமார் 3.5 செ.மீ. நீளமுள்ள யூஸ்டேஷியன் குழல் வருகிறது. பெரும்பாலும் மூடியே கிடக்கும் இக்குழல், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேலண்ணத் தசை இழுப்பதால் கண நேரம் திறந்து மூடும். விழுங்கும்போது காதுக்குள் மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்பது அதனால்தான்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. அங்கே இறுக மூடிய காலித் தண்ணீர் பாட்டில் வத்தலக்குண்டு வருவதற்குள் நசுங்கிவிடும். நடுச்செவிக்கும் அதே கதிதான். மலை ஏறும்போது உள்ளேயிருக்கும் மிகைக் காற்று குழலைத் தள்ளித் தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் குழலின் வாயை அமுக்குவதால், தசை வலிந்து இழுத்தால்தான் திறக்கும். அழுத்த வேறுபாடு பாதரச அளவில் ஏறத்தாழ 90 மி.மீ.யைத் தாண்டினால் தசையாலும் முடியாது, குழல் பூட்டிக்கொள்ளும். ஆகவே வலி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. இறக்கம் தொடங்கும்போதே அடிக்கடி விழுங்க வேண்டும். விமானத்தின் உள்ளழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையான அளவுவரை குறையக்கூடும் என்பதால், விமானம் இறங்கும் நேரத்தில் தூங்காமல் இருப்பது நல்லது.

சளியாலோ தூசி ஒவ்வாமையாலோ குழலின் வாய் வீங்கியவருக்கு மலையும் தேவையில்லை, விமானமும் தேவையில்லை. காற்று உறிஞ்சப்படுகிறது, புதிய காற்று வருவதில்லை. ஜவ்வு உள்நோக்கி இழுபடுகிறது, வலிக்கிறது. இது நீடித்தால் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும். சளி போன பிறகும் வாரக்கணக்கில் அடைப்பு நீடிக்க இந்த நீரே காரணமாகலாம்.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றைத் தள்ளும் முறைக்கு 1704இல் காதைப் பற்றிய நூலை வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயர். முக்கித் தள்ளினால் உள்செவியின் மெல்லிய சவ்வுக்கே ஆபத்து. கடுமையான சளி இருக்கும்போது கிருமியும் மேலேறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது இதைவிட மென்மையான வழி. அது பிரிட்டிஷ் மருத்துவர் ஜோசப் டாயின்பியின் பெயரில் வழங்குகிறது. அவர் 1866இல், காது இரைச்சலுக்குத் தீர்வு தேடி, குளோரோஃபார்ம், ஹைட்ரோசயனிக் அமில ஆவிகளைத் தன்மீதே சோதித்துப் பார்த்து உயிரிழந்தார். காது மருத்துவரே ஆனாலும் சுய வைத்தியம் அப்படித்தான் முடிந்தது.

இங்கே மருத்துவம் பார்க்க வேண்டியது மூக்குக்கு. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மூக்குச் சொட்டு மருந்துகள் உடனே அடைப்பைத் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அவையே மூக்கடைப்பை உண்டாக்கும். ஒவ்வாமைக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே மெதுவாக வேலை செய்யும். இரண்டு நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரே காதில் மட்டும் நீர் கோத்து வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதும் குழலை அடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப் வழியாகப் பார்ப்பது அவசியம்.

இரைச்சலும் அடைப்பே

ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது காது பஞ்சு வைத்ததுபோல் மந்தமாகி, ‘ங்கொய்’ என்று இரைந்து, தூங்கி எழுந்ததும் சரியாகிவிடுகிறதா? அங்கே காற்றும் இல்லை, குறும்பியும் இல்லை. உள்செவியின் மயிரிழைச் செல்கள் இரைச்சலில் களைத்துப்போயிருக்கின்றன. தினமும் இப்படிக் களைத்தால் ஒரு கட்டத்தில் அவை அழிந்துவிடும்; மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகள். அதனால் ஆள் பேசுவது கேட்கும். என்ன சொன்னார் என்பது பிடிபடாது.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம், 95இல் 4 மணி நேரம், 100இல் 2 மணி நேரம் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. ஓவர்டைம் பார்ப்பவரின் காதுக்கு இந்தக் கணக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இயர் பிளக் போட்டால் காது வலிக்கிறது என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். வெடுக்கென்று பிடுங்கும்போது காதுக்குள் உண்டாகும் உறிஞ்சல் ஜவ்வை இழுப்பதும் அந்த வலிக்கு ஒரு காரணம். லேசாகத் திருகி, மெதுவாக எடுத்தால் வலிக்காது. போடும்போது ஃபோம் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். கிரீஸ் கையோடு தொடக் கூடாது.

ஒரு முணுமுணுப்புச் சோதனை

ஒரு காது மட்டும் அடைத்திருந்தால் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீளமாக இழுத்துப் பாருங்கள். அடைத்த காதிலேயே ஒலி பலமாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கும். வெளிச்சத்தம் தடைபடும்போது எலும்பு வழியாக வரும் ஒலி அந்தக் காதில் ஓங்கி ஒலிப்பதே காரணம். மாறாக, நல்ல காதின் பக்கம் ஒலி சாய்ந்தால் உள்செவியைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் வெபர் சோதனையின் அடிப்படையும் இதுதான். முணுமுணுப்பு ஒரு துப்புதான். மருத்துவரின் பரிசோதனைக்கு அது ஈடாகாது.

காலையில் எழும்போதே ஒரு காது அடைத்து, கேட்பது சட்டென்று குறைந்திருந்தால், தலைசுற்றலும் சேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. திடீர்ச் செவித்திறன் இழப்புக்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். அந்த வாரங்களைச் சொட்டு மருந்தில் கழித்துவிட்டு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு.

முதல் ஆடியோகிராம்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் சேர்த்தது. ஆனால் நோயை நிறுவ, வேலைக்குச் சேர்ந்தபோது காது எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். அப்ரண்டீஸாக ஓர் ஆலை, காண்ட்ராக்டில் இன்னோர் ஆலை என்று மாறிக்கொண்டே இருப்பவரிடம் அந்தப் பதிவு இருக்காது. கேட்கும் திறன் எந்த ஆலையில் போனது என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

எனவே சேரும்போது எடுக்கும் ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்கி, இ.எஸ்.ஐ. அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்தால் காதின் களைப்பும் அளவில் கலந்துவிடும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சல் இல்லாமல் இருந்த பிறகு எடுப்பதே சரியானது. முன்னதாகக் குறும்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆலை மாறும்போது அந்தத் தாளும் உங்களோடு வரட்டும்.