ஒரு ராத்திரிதான் டயம்!

"தம்பி, மாடு கன்னு போட்டிருக்கு. சீம்பால் வேணுமா?" என்று சித்தி போன் பண்ணினால், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஓரிக்கைக்கு பஸ் ஏறுகிற ஆசாமி நான். வெல்லம், ஏலக்காய் போட்டு வேகவைத்து, துண்டு போட்டுத் தட்டில் வைத்தால்... சரி, விடுங்கள்!

போன வருஷமும் அப்படித்தான் போனேன். சித்தப்பா பட்டு நெய்கிறவர். கொல்லையில் ஒரு ஜெர்ஸி கலப்பு மாடு. சீம்பால் நாலு வீட்டுக்குப் போனது. எனக்கு இரண்டு தட்டு. எட்டாம் நாள் கன்றுக்குக் கழிச்சல். பத்தாம் நாள் செத்துப் போச்சு. கிடாரிக் கன்று! சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"வைட்டமின் ஊசி போட்டிருந்தா பொழைச்சிருக்குமா சார்?" என்று சித்தப்பா கேட்டதற்கு, கால்நடை டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"அதோட வைட்டமினைத்தான் இவர் சாப்பிட்டுட்டாரே!"

விஷயம் இதுதான். மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருள் வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. வைட்டமின் ஏ, ஈ இரண்டும்கூட ரொம்பக் கொஞ்சம்தான் வரும். எல்லாம் சீம்பாலில்தான். அதை அப்படியே ரத்தத்துக்கு அனுப்புகிற கதவு கன்றின் குடலில் திறந்திருப்பது சுமார் 24 மணி நேரம். அதுவும் மணிக்கு மணி மூடிக்கொண்டே வரும். 25 கிலோ கன்றுக்கு முதல் அரை நாளில் இரண்டரை லிட்டராவது போகணும்.

ஆழ்வாரோடு கிளம்பிய பெருமாள் ஒரு ராத்திரி தங்கியதால் 'ஓரிரவிருக்கை', அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். அந்த ஊரில் பிறந்த கன்றுக்கும் ஒரு ராத்திரிதான் டயம்!

"அப்ப ஊசி வேஸ்ட்டா சார்?"

"யார் சொன்னது? சத்து குறைஞ்ச கன்னுக்கு உதவும்" என்றார் டாக்டர். தாயைப் பிரிப்பது, லாரிப் பயணம், கொளுத்துகிற வெயில் எல்லாமே கன்றுக்கு டென்ஷன். மேனேஜர் கத்தும்போது நமக்குச் சுரக்கிற அதே கார்டிசால்தான் அதற்கும் சுரக்கும். அது ஏறினால் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும். அந்த அணுக்களின் சவ்வைக் காப்பது வைட்டமின் ஈ. குடல், நுரையீரலின் உள்தோலைக் காப்பது ஏ. சி-யை மாடு தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் பிறந்த கன்றின் ஈரலுக்கு அது கைவர சில வாரம் ஆகும்.

அதற்காக இஷ்டத்துக்கு ஊசி குத்தக் கூடாது. ஏ, டி இரண்டும் எக்கச்சக்கமாக ஏறினால் கால் எலும்பின் வளர்ச்சி பாதியில் நின்று, பின்பக்கம் தாழ்ந்து போகும். 'கழுதைப்புலி நோய்' என்றே பெயர்!

டாக்டர் கிளம்பும்போது தொழுவத்தை எட்டிப் பார்த்தார். வெறும் வைக்கோல். அதில் கரோட்டின் இல்லவே இல்லை என்று சொல்லலாம். மாட்டுக்கே இல்லாதது சீம்பாலில் எங்கிருந்து வரும்?

"அமாவாசைக்குக் கோயில் மாட்டுக்கு அகத்திக்கீரை வாங்கித் தர்றீங்க. வீட்டு மாடு என்ன பாவம் பண்ணுச்சு?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை, சினையின் கடைசி இரண்டு மாசமும் அகத்தியும் பசும்புல்லும் தாது உப்பும் தவறாமல் விழுந்தன. ராத்திரி பதினோரு மணிக்குக் கன்று விழுந்தது. தறியை விட்டு எழுந்தவர், விடிகிற வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாராம்.

மூன்றாம் நாள்தான் சித்தி போன் பண்ணினாள். போனேன். மிச்சப் பாலை வெல்லம் போட்டு வேகவைத்தாள். கட்டியாகவே இல்லை. கொழகொழவென்று ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். கொல்லையில் கன்று என் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது.