பழுப்பு நிறம் கேட்டு வருகிறவர்கள்

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். அக்டோபரில் வெயில் ஏறத் தொடங்கியதும் செம்பட்டை முடியும் முகமெல்லாம் பழுப்புப் புள்ளியுமாக இளம்பெண்கள் சிலர் கவுண்டருக்கு வந்து, “இன்சுலின் சிரிஞ்சு மட்டும் கிடைக்குமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சர்க்கரை உண்டா என்றால் இல்லை என்பார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் மெலனோடான்-2 இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும்.

வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கும் ஊசி மருந்து அது. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும். தண்ணீர் கலந்து வயிற்றுக் கொழுப்பில் குத்திக்கொள்கிறார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் இப்போது விற்கிறது. உலகில் எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதை நிறத்துக்காக அனுமதித்ததில்லை. ஜிம்மில் பழகியவர் மூலமோ, இணையத்தில் முகம் தெரியாத யாரோ மூலமோதான் கைக்கு வருகிறது. குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

நிறத்துக்கு ஏங்குவது என்னவென்று நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பெண்களிடம் “உன் நிறமே அழகு” என்று உபதேசம் செய்துவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. கேட்டு வந்தவளுக்குக் கெடுதல் இல்லாத வழி ஒன்றைக் காட்ட வேண்டும். அந்த வழி இருக்கிறது.

அதற்குமுன் ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தோலின் மேலடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. வெயில் பட்டதும் ஆல்பா-எம்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அவற்றின் மேலுள்ள எம்.சி.1.ஆர். என்ற ஏற்பியில் போய் ஒட்டும். அப்போது செல் பழுப்பு மெலனினைச் சுரக்கும். செம்பட்டை முடிக்காரர்களுக்கு இந்த ஏற்பியின் மரபணு சற்று மாறியிருக்கும். அவர்கள் தோல் பழுப்புக்குப் பதில் செம்மஞ்சள் மெலனினைத்தான் அதிகம் தரும். எனவே வெயிலில் வெந்து சிவப்பார்கள், பழுப்பாக மாட்டார்கள்.

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாக் ஹாட்லி, விக்டர் ருபி குழு 1980-களில் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும், ஆனால் நெடுநேரம் சிதையாத பெப்டைடுகளைச் செய்தது. வெயிலுக்குமுன்பே தோல் கறுத்திருந்தால் தோல் புற்றுநோய் குறையுமே என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் இதே குடும்பத்து ஏற்பிகள் மூளையிலும் உண்டு. ஹாட்லி தனக்கே மெலனோடான்-2-ஐ அளவுக்கு மேல் போட்டுக்கொண்டபோது குமட்டலும், எட்டு மணி நேரம் தணியாத ஆண்குறி விறைப்பும் வந்தன. அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பிரெமெலனோடைட் என்ற பாலியல் விருப்ப மருந்து உருவாகி, பெண்களுக்காக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து தோலோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனக்குப் பெரிய பயம் மச்சங்களைப் பற்றித்தான். ஊசி போட்டவர்களுக்கு இருக்கும் மச்சங்கள் கறுக்கின்றன, புதியவை முளைக்கின்றன. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் கண்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஊசிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் ஊசி போடுகிறவர்கள் நிறம் நன்றாக ஏறட்டும் என்று வெயிலிலும் கிடக்கிறார்கள். இந்த நாட்டில் 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதோவொரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மச்சம் மாறுகிறதா என்பதுதான் மருத்துவருக்கு முதல் தடயம். எல்லா மச்சமும் ஒரேயடியாக மாறினால் அவர் எதை நம்பிப் பார்ப்பார்?

“மெலனோடானுக்கு அரசாங்க அனுமதி இருக்கிறதாமே” என்று சிலர் வாதாடுவார்கள். அது மெலனோடான்-1, அதாவது அஃபமெலனோடைட். வெளிச்சம் பட்டாலே தோல் எரியும் ஈ.பி.பி. என்ற அரிய பிறவி நோய்க்காக ஐரோப்பாவில் 2014-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதிக்கப்பட்டது. அரிசியளவு குச்சியாகத் தோலுக்கடியில் சிறப்பு மருத்துவர் வைக்கிறார். கடற்கரைக்குப் போக யாரும் அதை எழுதித் தர மாட்டார்கள்.

தோலில் பூசினால் மெலனின் சுரக்கவைக்கும் களிம்பு வருமா? இந்தக் கேள்வி எனக்குச் சொந்த ஊர்க் கேள்வியும்கூட. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா காட்டில் மருந்துக்கூர்க்கன் போட்டிருந்தார். அதன் கிழங்கிலிருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை, செம்பட்டைக்காரர்களைப் போலவே ஏற்பி கெட்ட எலிகளின் தோலில் ஆய்வாளர்கள் பூசினார்கள். வெயிலே இல்லாமல் எலிகள் கறுத்தன. அந்த ஆய்வு ‘நேச்சர்’ இதழில் 2006-இல் வந்தது. ஃபோனில் சொன்னபோது பெரியப்பா, “ஏங்கண்ணு, நம்ம கூர்க்கனத் தேச்சா வெள்ளக்காரன் கறுத்துருவானா?” என்றார். “எலி கறுத்துச்சுங்க பெரியப்பா, மனுசன் தோலு தடிப்பு, உள்ள எறங்கல” என்றேன். 2017-இல் அதே துறையின் ஆய்வாளர்கள் வேறு சிறு மூலக்கூறுகளைக் கொண்டு, ஆய்வுக்கூடத்தில் வைத்த மனிதத் தோல் துண்டுகளைக் கறுக்கவைத்தார்கள். கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. மெலியவைக்கும் என்று விற்கும் ஃபோர்ஸ்கோலின் மாத்திரையை விழுங்கினால் தோல் கறுக்காது.

ஆக, இன்று கையில் இருக்கும் நல்ல வழி டி.எச்.ஏ. என்ற டைஹைட்ராக்சிஅசிட்டோன் கலந்த செல்ஃப் டேன் பூச்சு. 1950-களில் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழி கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் துப்பியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்பானது. துணியில் பட்டது அப்படியே இருந்தது. தோசை சிவப்பதும் இதே வேதிவினைதான்: சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமாவது. தோலில் அது நடப்பது மேலேயுள்ள இறந்த செல்களில் மட்டும். மெலனோசைட்டை அது தொடுவதில்லை. ஐந்து முதல் ஏழு நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது நிறமும் போய்விடும். நிலைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, அதுதான் இதன் சிறப்பு என்று. பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரம் காத்திருந்தால் போதும்.

இதை வெறுப்பவர்கள் பெரும்பாலும் ஆரஞ்சு நிறமாகிப் போனவர்கள். மிக வெளுத்த தோலுக்கு அடர் பூச்சை எடுத்ததுதான் தவறு. ‘கிராஜுவல்’ என்று போட்ட மெலிதான லோஷனைத் தினமும் கொஞ்சம் தடவி, நிறத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பூசுவதற்கு முந்தைய நாளே கால்களை மழித்து, தோலைத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் இறந்த தோல் தடிப்பு, நிறத்தை அதிகம் குடிக்கும். அங்கே முதலில் சாதாரண மாய்ஸ்சரைசர். பூச்சைக் கையுறையால் தடவ வேண்டும், இல்லையேல் உள்ளங்கை ஊரெல்லாம் கதை சொல்லிவிடும். பூசிய பின் ஆறேழு மணி நேரம் தண்ணீர் படாமல், தொளதொளப்பான கறுப்பு உடையில் இருங்கள். அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் முன்பே முழங்கையின் உட்புறம் சிறு இடத்தில் தடவிப் பாருங்கள். ஸ்பிரே டேன் கடைக்குப் போனால் கண்ணை மூடும் கவசம், உதட்டில் வாசலின், மூக்கடைப்பான் கேளுங்கள். வெளிப்பூச்சாக மட்டும் அனுமதித்த பொருள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

ஒரே மாலை விருந்துக்கு என்றால் கழுவினால் போகும் நிறப்பூச்சான பிரான்சர் போதும்.

தோலுக்கு நிறமேற்றும் என்று விற்கும் கேந்தாக்சாந்தின் மாத்திரை வேண்டாம். அதிக அளவில் சாப்பிட்டவர்களின் விழித்திரையில் மஞ்சள் படிகங்கள் படிந்தன. சோலாரியம் எனப்படும் புறஊதாப் படுக்கையை 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. 26 வயதில், 2007-இல் மெலனோமாவால் இறந்த மெல்பர்ன் பெண் கிளேர் ஆலிவர் தன் கடைசி நாட்களில் அந்தப் படுக்கைகளுக்கு எதிராகப் பேசினார். 2015 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்கள் வணிகச் சோலாரியங்களைத் தடை செய்துவிட்டன.

எனக்கு மிகப் பிடித்த மாற்று சமையலறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், காய்கனி கூட்டிச் சாப்பிட்டவர்களின் தோல் ஆறு வாரத்தில் அளவிடும்படி நிறம் மாறியது. கேரட், கீரை, பூசணி ஆகியவற்றின் கரோட்டினாய்டுகள் தோலில் படிந்து ஒரு பொன்மஞ்சள் சாயலைத் தருகின்றன. நாளுக்குச் சுமார் மூன்று பரிமாறல் அளவு கூடுதலாகச் சாப்பிட்டாலே பார்ப்பவர் கண்ணுக்கு முகம் ஆரோக்கியமாகத் தெரியுமாம். விடுமுறைக்குப் போய்வந்த பழுப்பு வராது. ஆனால் வெளுத்துச் சோர்ந்திருக்கிறது என்ற மனக்குறை இதில் தீர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூச்சோ கேரட்டோ, எதுவும் வெயிலைத் தடுக்காது. வெயிலில் இயற்கையாகப் பழுப்பான தோலுக்கே பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 3 அல்லது 4-தான். பழுப்பாகத் தெரிகிறோம் என்று துணிந்து வெயிலில் கிடப்பதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் குளிர்காலத்திலும் புறஊதாக் குறியீடு 3-ஐத் தாண்டும். 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும். எஸ்.பி.எஃப். 50+ சன்ஸ்கிரீன், வெளியே போக இருபது நிமிடம் முன். ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஒரு தேக்கரண்டி, முதுகுக்கு ஒன்று, முன்புறத்துக்கு ஒன்று, முகம் கழுத்து காதுக்கு ஒன்று. இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் இதைவிட நம்பகமானவை.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் உடல் முழுவதையும் காட்டுங்கள். போகுமுன் நிறப்பூச்சு முழுதும் உதிர்ந்திருக்கட்டும். மச்சத்தின் மேல் அது ஏறியிருந்தால் கருவியில் பார்ப்பவருக்குக் குழப்பம். எந்த மாதத்திலிருந்து போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் கவுண்டரில் யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். பயன்படுத்திய ஊசிகளைச் சமையலறைக் குப்பையில் போடாதீர்கள். மஞ்சள் நிற ஊசி டப்பா ஒன்றை வாங்கி, குத்தியதையெல்லாம் அதில் போட்டு மூடிவிடுங்கள்.