முதுமையில் தைராய்டு மாத்திரை: தொடங்குமுன் சற்றே நிதானிப்போம்

"டி.எஸ்.எச். கூடியிருக்கிறதாம், இனி ஆயுள் முழுதும் மாத்திரையாம்!" சாந்தோம் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து வரும் முதியோரிடையே இக்கவலைச் சொல் நமக்குப் புதிதன்று. மயிலை, தியாகராய நகர், அடையாறு எங்கும் இரத்தப் பரிசோதனை எளிதாகிவிட்டது. ஆனால் சீட்டிலுள்ள எண்ணைக் கண்டதும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டுமா?

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்தால், அதனைத் தூண்ட மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் சுரப்பை மிகுதியாக அனுப்புகிறது. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து, தைராக்சின் அளவு குறையாதிருப்பது இலேசான நிலையாகும். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு எட்டுப் பேரிடம் இந்நிலை காணப்பட்டது. முதுமையில் டி.எஸ்.எச். சிறிது உயர்வது இயல்புங்கூட.

இத்தகைய முதியோர் 737 பேரை, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை, ஐரோப்பிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். ஒரு சாராருக்குத் தைராக்சின் மாத்திரையும் மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் அளித்தனர். ஓராண்டுக்குப் பின் களைப்பு முதலிய தொல்லைகளில் இரு சாராரிடையே வேற்றுமை தென்படவில்லை. இம்முடிவு 2017-இல் வெளிவந்தது. மருந்து அளவு மிஞ்சினாலோ, இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் வலுவிழக்கும்.

ஆகவே, எண் சற்றே உயர்ந்திருப்பின் இரண்டு மூன்று திங்கள் கழித்து மறுபடி சோதிப்பதே அறிவுடைமை. பலருக்கு அது தானே இறங்கிவிடும். ஆனால் தைராக்சின் குறைந்திருந்தாலும், டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தாலும் மருந்து இன்றியமையாதது. அங்கே தயக்கம் தீங்காகும். இதய நோயுள்ள முதியோருக்குச் சிற்றளவில் தொடங்குவர். ஏற்கெனவே உண்டு வருவோர் தாமாக நிறுத்துதல் கூடாது.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி தேவை. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டம். எனவே மாத்திரையை உண்டு பூசைக்குச் சென்று, திரும்பி வந்து காப்பி அருந்தலாம்.

மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மதிப்பது என்பது வாய் மூடிக் கேட்பதன்று. "ஐயா, இம்மருந்து எனக்கு இப்போதே தேவைதானா?" எனப் பணிவுடன் வினவுவதும் அம்மதிப்பில் அடங்கும். பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பிள்ளைகளே, அவர்கள் கேட்கத் தயங்கும் அக்கேள்வியை நீங்கள் கேளுங்கள்.