திட்டமிடாத பயணம்

நண்பர்களே, நந்தி மலைக்குப் போவதென்று திங்கள்தோறும் தீர்மானம் நிறைவேற்றுகிறோம், எவரும் புறப்படுவதில்லை. ஒருவருக்குத் தேர்வு, மற்றொருவருக்குப் பணமுடை. ஆனால் நள்ளிரவில் ஒருவன் "எழுந்திரு, போவோம்" என்றால் போதும், நால்வர் கிளம்பிவிடுகிறார்கள்!

காரணம் எளிது. திட்டம் எதிர்பார்ப்பை வளர்க்கிறது. காண்பதையெல்லாம் அதனோடு வைத்து எடைபோடுகிறோம். திட்டமின்றிச் சென்றவனுக்கோ கிடைப்பதெல்லாம் ஊதியமே. 1,478 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் கதிரவனை மறைத்தால்தான் என்ன? நடுங்கும் கைகளுக்குச் சூடான தேநீர் இருக்கிறதன்றோ! தமிழகம் நோக்கி ஓடும் தென்பெண்ணை அம்மலைப் பகுதியில்தான் பிறக்கிறது என்பதையும் அங்கே எவனாவது சொல்லக் கேட்பீர்கள்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். படிப்பு முடிந்தால் ஒருவர் மதுரையில், ஒருவர் துபாயில். அப்புறம் நால்வரும் ஒரே நாளில் விடுப்புக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.